எலிக்கு அடித்த சல்யூட்

எல்லையில் நடந்த சண்டையில் செத்துப்போன யுவராஜைக் கொடி போர்த்திய பெட்டியில் வைத்து ராணுவ லாரி ஊருக்குள் கொண்டுவந்த அன்று, ஏரிமேட்டுப்பட்டு ஜனங்கள் நாங்கள் மொத்தமாக எழுந்து நின்று, வலது கையை விறைப்பாகத் தூக்கி, விரல் நுனி புருவத்தில் பட ஒரு சல்யூட் அடித்தோம், அந்த சல்யூட் அப்படியே நின்றுவிட்டது. பெட்டி மண்ணுக்குள் போனது, துப்பாக்கிகள் வானத்தைச் சுட்டு முடித்தன, பட்டாளத்துக்காரர்கள் தங்கள் கையை ஒழுங்காக இறக்கிக்கொண்டு லாரியில் ஏறிப் போனார்கள், கும்பிடு மட்டும் போட்டிருந்த கலெக்டர் காரில் போனார், வெடிச் சத்தத்துக்குப் பறந்துபோன காக்காய்கள் திரும்பி வந்து புளியமரத்தில் உட்கார்ந்தன, எங்கள் கை மட்டும் இறங்கவில்லை. பக்கத்தில் இருப்பவன் முதலில் இறக்கட்டும், நாம் இறக்கினால் மரியாதையாக இருக்காது என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு வெயிலில் நின்றோம். வெகுநேரம் கழித்து யாரோ தும்மினார்கள், மூக்கைத் துடைக்கக் கை வரவில்லை, அப்போதுதான் விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது.

எங்கள் ஊரில் சல்யூட் என்பது சின்ன விஷயம் கிடையாது. வேலூருக்கு மேற்கே மொட்டைப் பாறை மலைகளுக்கு நடுவில் இருக்கிற ஊர், மழை பெய்தால் மட்டும் ஏரியில் தண்ணீர் பார்க்கிற பூமி, நெல் விளையாத இடத்தில் வெள்ளைக்காரன் காலத்திலேயே சிப்பாய் விளைய ஆரம்பித்துவிட்டான். வீட்டுக்கு ஒருவன் பட்டாளத்தில் இருப்பான், வீடுகளுக்கே நாயக் வீடு, ஹவில்தார் வீடு, சுபேதார் வீடு என்றுதான் பெயர், லான்ஸ் நாயக் வீட்டுக் கன்றுக்குட்டி ஹவில்தார் வீட்டுச் சோளத்தட்டையைத் தின்றால் மேலதிகாரியை மதிக்காத குற்றமாகத்தான் அது பஞ்சாயத்துக்கு வரும். கெங்கையம்மன் தேரில் வரும்போது மற்ற ஊர்க்காரர்கள் கை கூப்புவார்கள், நாங்கள் குதிகாலைச் சேர்த்து சல்யூட் அடிப்போம். அம்மன் இத்தனை தலைமுறையாக அதை ஆட்சேபித்ததில்லை.

யுவராஜ் என்ற பெயர்தான் எங்களுக்குப் புதுசு. அது ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். ஊரில் அவன் எலி. பிறக்கும்போதே ஒல்லி, நடக்க ஆரம்பித்த பிறகு யார் வீட்டு அடுப்படியிலும் சத்தமில்லாமல் நுழைந்து குழம்புச் சட்டியை வழித்துவிட்டு வருவான், அதனால் எலி. அவன் பட்டாளத்தில் சேர்ந்து, மீசை வைத்து, ஜமுனாவைக் கட்டி, நிவிஷா என்று ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனான பிறகும், எலி லீவில் வந்திருக்கிறான் என்றுதான் சொல்வோம், அவனும் பல்லைக் காட்டுவான். பெட்டி வந்த அன்று காலையிலிருந்து எலி என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. மாவீரர் என்றோம், பாரதத் தாயின் தவப்புதல்வர் என்றோம், எல்லைச்சாமி என்றோம். செத்த மறுநிமிஷமே அவன் எங்களுக்கு முன்பின் தெரியாத பெரிய மனிதனாகிவிட்டான்.

சல்யூட் அடிக்காத பெரியவள் ஊரில் ஜமுனா ஒருத்திதான். அவளுடைய ஒரு கையில் மடித்துக் கொடுத்த கொடி இருந்தது, இன்னொரு கையில் நான்கு வயது நிவி தூங்கிக்கொண்டிருந்தாள். சல்யூட் அடிக்கக் கையும் இல்லை, மனசும் இல்லை, அடுத்த சித்திரையில் பட்டாளத்தை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு இப்படிப் பெட்டியில் வந்த புருஷன்மேல் அவள் அடங்காத கோபத்தில் இருந்தாள். கடைசியில், ஊரிலேயே இரண்டு கையும் சரியாக வேலை செய்தது அவளுக்குத்தான் என்று ஆயிற்று.

ஒரு ஊர் எதற்கும் பழகிவிடும், அதுவும் எங்கள் ஊர் வரிசையாகப் பழகும். முதல் பிரச்சினை சோறு. வலது கை நெற்றியில், இடது கைக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது என்பது உலகத்துக்கே தெரியும், அந்தக் கையைத் தட்டில் வைப்பது எப்படி என்று கௌரவத்தோடு பட்டினி கிடந்தோம். பஞ்சாயத்துத் தலைவர் முனிரத்தினம், அவரும் நெற்றியில் கையோடு, ஊரைக் கூட்டித் தீர்ப்புச் சொன்னார்: இடது கையால் தானே தின்பதுதான் அசிங்கம், அடுத்தவருக்கு ஊட்டினால் அது சேவை. அன்றிலிருந்து வரிசையாக உட்கார்ந்து அவரவர் பக்கத்து ஆளுக்கு ஊட்டினோம். வரப்புத் தகராறில் பல வருஷமாகப் பேச்சில்லாத அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று, அண்ணன் தம்பியின் கவளத்தில் மட்டும் ஊறுகாயைக் கொஞ்சம் அதிகமாக வைத்தான்.

மாட்டுக்குப் பாதிப் பால்தான் கறக்க முடிந்தது. மாப்பிள்ளை ஒரு முனையையும் நாத்தனார் ஒரு முனையையும் இடது கையால் பிடித்துத் தாலி முடிச்சுப் போட்டார்கள், மணப்பெண் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள், போட்டோவில் எல்லோரும் அழகாகத்தான் விழுந்தார்கள். சண்டைகள் நின்றுபோயின. இருக்கிற ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொள்வதா எதிராளியைப் பிடிப்பதா என்று முடிவு செய்வதற்குள் கோபம் ஆறிவிடும். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் யுவராஜின் சமாதியைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் ஒரு சல்யூட் அடித்தார், அவருக்கும் ஒட்டிக்கொண்டது, ஜீப்பை டிரைவர்தான் ஓட்டிக்கொண்டு போனார். எம்.எல்.ஏ. வந்தார், கேமரா எங்கே இருக்கிறது என்று பார்த்து அதன் பக்கமாகத் திரும்பி சல்யூட் அடித்தார், அதே கோலத்தில் தலைநகருக்குப் போய்த் தன் தலைவர் முன்னால் நின்றார், இப்படி ஒரு விசுவாசியா என்று தலைவர் கண்கலங்கி அவரை மந்திரியாக்கிவிட்டார். டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் எங்கள் தோள்களை அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, உங்க தேசபக்திக்கு என்கிட்ட மருந்து இல்லை என்று அனுப்பிவிட்டார்.

இதெல்லாம் போக, தலைவாருவது, ஜாக்கெட் கொக்கி போடுவது, இடுப்புக் கயிறு முடிவது, கண்ணில் விழுந்த தூசி எடுப்பது எல்லாவற்றுக்கும் ஊர் ஜமுனாவின் வாசலுக்கு வந்தது. புருஷன் செத்த வீட்டில் உட்கார்ந்து அழக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. "ஒருத்தனப் பறிகொடுத்துட்டு ஊரயே பெத்துக்கினு உக்காந்துகீறேன்" என்று சீப்பைத் தட்டிப் பேன் உதறினாள்.

மரியாதை போதவில்லை, அதனால்தான் கை இறங்க மாட்டேன் என்கிறது என்று முனிரத்தினம் கண்டுபிடித்தார். எனவே முச்சந்தியில் பெரிய போர்டு வைத்தோம். அச்சடித்த பையன் யுவராஜின் தலையை வெட்டி, எந்த நாட்டுக்காரனோ ஒருவனுடைய புஜம் புடைத்த உடம்பில் ஒட்டி, பின்னால் ஒரு டாங்கியும் நான்கு விமானமும், எதற்கும் இருக்கட்டும் என்று உறுமுகிற ஒரு புலியும் போட்டுக் கொடுத்தான். கண்ணைச் சிவப்பாக்கினால் வீரம் தெரியும் என்று சிவப்பாக்கியிருந்தான். போர்டு ஏறிய அன்றைக்கு எங்கள் விரல்கள் புருவத்தில் இன்னும் அழுந்தின. அது போதாது போல என்று ஊர் முகப்பில் வளைவு கட்டினோம், விரல்கள் நெற்றியில் பள்ளம் பறித்தன. அதுவும் போதாது என்று சிலைக்கு ஆர்டர் கொடுத்தோம்.

போர்டைப் பார்த்த நிவி வீரிட்டு அழுதாள். அவளுக்குத் தெரிந்த அப்பா ஜமுனாவின் போனுக்குள் இருந்தார். சாயங்காலமானால் வருவார், மூக்கைக் கேமராவில் ஒட்டவைத்து மூக்கு ஓட்டையை மட்டும் காட்டுவார், சாப்பிட்டியா என்று கேட்பார், சிக்னல் போனால் பாதி வாயோடு உறைந்து நிற்பார். லீவில் வந்த சில நாட்கள் அவளுக்கு அவ்வளவாக நினைவில்லை. போன் அப்பா எப்ப வருவாரு என்று தினமும் கேட்டாள், போர்டு ஆளைப் பார்க்க மாட்டேன் என்று அங்கன்வாடிக்குப் போகாமல் அடம்பிடித்தாள். ரெண்டும் ஒரே ஆள்தான் என்று ஜமுனா சொன்னதை அவள் நம்பவில்லை. ஜமுனாவுக்கு நெஞ்சில் அடித்தது அதுதான். செத்தவன் செத்தான், பெற்ற பெண்ணுக்கு அவன் பூச்சாண்டியாகிவிடுவான் போலிருக்கிறதே என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சினாள், "உங்களுக்குத்தான் அவுரச் சின்ன வயசுலேர்ந்து தெரியுமே, கொழந்தைக்கு அவுரப் பத்தி எதுனா சொல்லுங்க." நாங்களும் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீரம், தியாகம், மண்ணின் மைந்தன் என்று போர்டில் இருந்ததையே சொன்னோம். குழந்தை தாயின் முந்தானைக்குள் போய்விடும்.

அப்படியிருக்கையில் ஒருநாள் காலையில் ஹவில்தார் வீட்டுப் பச்சையம்மாள் தலைவார வந்தாள். பச்சையம்மாளுக்கு வாய் நீளம், ஆனால் இந்த விஷயத்தில் அவளும் எங்களைப் போலத்தான்.

"உங்கப்பா இன்னா லேசுப்பட்ட ஆளா கண்ணு? வீரத்தின் விளைநிலம், தியாகத்தின் திருவுருவம்..."

"அது போர்டு ஆளு," என்றாள் நிவி. "அவுரு வாணாம். கண்ணு பயமா கீது. போன் அப்பாவ வரச் சொல்லு." சொல்லிவிட்டுத் தேம்ப ஆரம்பித்தாள், தேம்பல் விக்கலாயிற்று, விக்கல் நிற்கவில்லை.

பச்சையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அடியே, அந்தப் புலியையும் துப்பாக்கியையும் பாத்து ஏமாந்துடாதடி! உங்கப்பன் எலிடி! என் சேவலத் துன்ன எலி!"

நிவி விக்கலை நிறுத்தினாள்.

"ஆமாண்டி. உங்க தாத்தா வெச்சிருந்த ரம்முல அரிசிய ஊறப்போட்டு, எங்கூட்டு வாசல்ல எறச்சிட்டான். சேவலு அதத் துன்னுட்டு ரோட்டுல படுத்துக்கினு பாட்டுப் பாடுது. தூக்கிக்கினு போயி ஏரிக்கரைல சுட்டுத் துன்னான். துன்னவன் சும்மா போனானா? சேவலுக்குள்ள இருந்த ரம்மு இவனுக்கு ஏறிப்போயி, நேரா எங்கூட்டுக்கே வந்து, ஆயா, ஒன் சேவலு சூப்பர் ஆயான்னு என் காலுல வுழுந்தான். வெளக்கமாறு பிஞ்சி போற வரைக்கும் அடிச்சேன், சிரிச்சிக்கினே கெடந்தான் பாவி." கடைசி வார்த்தையில் அவளுக்குக் குரல் உடைந்தது, அதே நேரத்தில் அவளுடைய வலது கை நெற்றியிலிருந்து நழுவி மடியில் தொப்பென்று விழுந்தது.

நிவி சிரித்தாள். பெட்டி வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

பச்சையம்மாள் கையை ஆட்டிக்கொண்டு தெருவெல்லாம் ஓடினாள், நாங்கள் அதிலும் தப்பாகத்தான் முடிவெடுத்தோம். ஜமுனா கையால் தலைவாரினால் கை இறங்கும் என்று ஊர் முழுக்கச் சீப்போடு வரிசையில் நின்றது, வழுக்கைத் தலையர்களும் நின்றார்கள். ஜமுனா வாரினாள், வாரினாள், ஒரு கையும் அசையவில்லை. முனிரத்தினத்தின் தலையில் வாருவதற்கு இருந்த கொஞ்சத்தையும் வாரி முடித்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, பச்சையம்மாளுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா? உம் புருசன் எனக்குப் பண்ணது கொஞ்சமா? லீவுல வந்தா எனக்கு மிலிட்டரி ரம்மு ஒரு பாட்டில் கொண்டாருவான். நானும் குடிச்சிட்டு, மிலிட்டரி சரக்கு மிலிட்டரி சரக்குதான்டான்னு ஆடுவேன். போன வருசம்தான் சொல்றான், தலைவரே, பாதி ரம்முதான், மீதி எங்கூட்டுக் கடுங்காப்பின்னு! இத்தன வருசமா நான் காப்பிக்கு ஆடியிருக்கேன்!"

நிவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முனிரத்தினத்தின் கை இறங்கிப் பக்கத்தில் தொங்கியது, அவர் அதைக் கவனிக்காமல் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார், நாங்கள் கவனித்துவிட்டோம்.

அதன் பிறகு ஜமுனாவின் வாசல் திருவிழாவானது. சீப்புகளை வீட்டில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு எலியைப் பிடித்துக்கொண்டு வந்தோம். பள்ளிக்கூடத்து லில்லி டீச்சர், அவனுக்கு லெஃப்ட் எது ரைட் எது என்று கடைசிவரை தெரியாது, வலது காலில் ஒரு கருப்புக் கயிறு கட்டிக்கொண்டுதான் பட்டாளத்தில் சேரப் போனான் என்றார், அவர் கை இறங்கியது. ஓட்டத் தேர்வில் முதல் தடவை தோற்றுவிட்டு மோட்டார் கொட்டகையில் ஒளிந்து அழுததை ஒருவன் சொன்னான். பல்லிக்குப் பயந்து கக்கூஸிலிருந்து துண்டோடு ஓடிவந்ததை ஒருத்தி சொன்னாள். நாயக் வீட்டுப் பெண் ஒருத்தி, கல்யாணத்துக்கு முன்னால் அவன் தனக்குக் கொடுத்த வளையலைப் பற்றி இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தபோது அவள் கை இறங்கியது, ஜமுனா உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். ஒருவன் மட்டும் கெட்டிக்காரத்தனமாக, ஏரியில் முழுகிய குழந்தையை யுவராஜ் காப்பாற்றினான் என்று கட்டிவிட்டான். அவன் வலது கை இறங்காதது மட்டுமல்ல, இடது கையும் மெல்ல மேலே கிளம்பியது. பிறகு ஏரியில் முழுகியதே எலிதான், இழுத்துப் போட்டது ஒரு எருமை என்று உண்மையைச் சொன்னான், இரண்டு கையும் இறங்கின.

நிவி எல்லாவற்றையும் கேட்டாள். அடுத்தவர் சொல்ல வாயெடுக்கும்போதே, அது தெரியும், வேற சொல்லு என்பாள். இப்போது அங்கன்வாடிக்குப் போகும் வழியில் போர்டுக்கு முன்னால் நின்று, புலிக்காரரைப் பார்த்து நாக்கை நீட்டிவிட்டுப் போனாள். போன் அப்பா எப்போது வருவார் என்று கேட்பதை விட்டுவிட்டாள். ஒருநாள் மாலையில் அவளாகவே, "எலி செத்துடுச்சாம்மா?" என்று கேட்டாள், ஜமுனா ஆமாம் என்றாள், இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், வாசலில் நின்ற நாங்கள் எங்கள் புதுக் கைகளால் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

ஊரில் கை இறங்காமல் மிஞ்சியவர் ஒருவர்தான், யுவராஜின் அப்பா சுபேதார் கன்னியப்பன். அவருக்கு அதில் பெருமை. வாழ்நாளெல்லாம் எல்லைகளில் நின்று ஓய்வு பெற்று வந்தவர், ஊரில் எல்லோரும் ஓடிப்போய்விட்ட போர்க்களத்தில் தான் ஒருவர் மட்டும் நிற்பதாக நினைத்துக்கொண்டார். நெற்றியில் விரல்கள் புண்ணாகிக் காய்த்துப்போயிருந்தன, அதையும் பதக்கம்போல வைத்துக்கொண்டு நடந்தார். எங்களைப் பார்த்தால் காறித் துப்பினார். "நாட்டுக்காகச் செத்தவன்யா எம் புள்ள. இங்க உக்காந்து கோழிக் கத பேசுறீங்க." டிவிக்காரர்கள் வந்தபோது கேமரா முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, மகனைக் கொடுத்தேன், என் பேத்தியையும் நாட்டுக்கே கொடுப்பேன் என்று சொன்னார். டிவிக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நாங்களும் பழைய ஞாபகத்தில் கைதட்டிவிட்டோம்.

ஜமுனா கைதட்டவில்லை. கேமரா போன பிறகு மாமனார் முன்னால் வந்து நின்றாள்.

"குடுக்கறதுக்கு அவ இன்னா கெங்கையம்மன் கோயில் கடாவா மாமா?"

"மரியாதயாப் பேசு."

"மரியாதயாத்தான் பேசுறேன். அவ வளந்து, அவளுக்கா இஷ்டம்னா போவட்டும், நான் தடுக்க மாட்டேன். ஆனா மொதல்ல அவளுக்கு ஒரு அப்பா வேணும் மாமா. ஊரே ஆளுக்கொண்ணு குடுத்துட்டுது. பெத்தவரு நீங்க ஒண்ணும் குடுக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அவகிட்ட, உங்க புள்ளயப் பத்தி. திட்டுறதா இருந்தாலும் சரி."

"சொல்றதுக்கு இன்னா கீது? வீரன். அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துபோனார் கன்னியப்பன். கை நெற்றியில் இருந்ததால் அது வெயிலுக்கு முகத்தை மறைத்துக்கொண்டு போவதுபோல இருந்தது.

சிலை திறக்கும் நாள் வந்தது. மந்திரியாகிவிட்ட பழைய எம்.எல்.ஏ. நெற்றியில் கையோடு வந்தார், அவருக்கு அது இறங்குவதில் துளியும் விருப்பமில்லை. சிலை அதே புஜம் புடைத்த உடம்பில் மஞ்சள் துணிக்குள் நின்றது. மேடையில் சுபேதாருக்கு முன்வரிசை நாற்காலி, இடது கையில் நிவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முனிரத்தினம் வரவேற்றுப் பேசி முடித்து, தியாகச் செம்மலின் தந்தை இரண்டு வார்த்தை பேசுவார் என்றார். கன்னியப்பன் எழுந்து மைக் முன்னால் போனார், நிவியும் கூடவே போனாள்.

"என் மகன் யுவராஜ்," என்று அவர் ஆரம்பித்தார், "சின்ன வயசிலிருந்தே வீரத்தின்..."

"தாத்தா," என்றாள் நிவி. மைக் அவள் பேச்சையும் பிடித்தது, ஊர் முழுக்கக் கட்டியிருந்த ஸ்பீக்கர் குழாய்களில் எல்லாம் அவள் குரல் கேட்டது. "அது போர்டு ஆளு. எலியப் பத்திச் சொல்லு."

கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். சுபேதார் குழந்தையைப் பார்த்தார். அவள் கோபமாகக் கேட்கவில்லை, வேறு யாரிடமெல்லாம் கேட்டாளோ அதேபோல ஆசையாகக் கேட்டாள்.

"எலி என்ன மாதிரி சின்னப் புள்ளயா இருந்துச்சே, அப்ப இன்னா பண்ணுச்சு?"

கன்னியப்பன் வாயைத் திறந்தார். எதையோ தேடுகிறவரைப் போலக் கண்களை இங்கேயும் அங்கேயும் ஓட்டினார். மகன் பிறந்தபோது அவர் பனிமலையில் இருந்தார், பல் முளைத்தபோது பாலைவனத்தில், பள்ளிக்கூடம் சேர்த்தபோது எங்கோ ஆற்றுப் பாலம் ஒன்றுக்குக் காவலாக; வருஷத்துக்கு ஒருமுறை வந்தார், மார்க் ஷீட்டைப் பார்த்தார், உயரத்தை அளந்தார், நெஞ்சை விரித்து நிற்கச் சொன்னார், போனார். எங்கள் எல்லோரிடமும் மடி நிறைய இருந்தது, பெற்றவரிடம் ஒன்றும் இல்லை. எங்களுக்கு அதுவரை அது தோன்றியதே இல்லை. நாங்கள் அவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்திருந்தோம்.

மைக் கீச்சென்று கத்தி ஓய்ந்தது.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் கன்னியப்பன். "நான் ஊர்லயே இல்ல. அவன எனக்குத் தெரியாது."

சொன்னதும் அவருடைய கை இறங்கியது. மற்றவர்களுக்கு விழுந்ததுபோல அது விழவில்லை, வயசான மனிதர் படி இறங்குவதுபோல மெதுவாக இறங்கியது. அவர் அதைப் பார்க்கவும் இல்லை, மேடைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிலைத் துணியைக் கட்டியிருந்த ரிப்பனை வெட்டக் கத்தரிக்கோலை இடது கையில் எடுத்துவிட்ட மந்திரி, வெட்டுவதா வேண்டாமா என்று முனிரத்தினத்தைப் பார்த்தார், முனிரத்தினம் பேசாமல் இருக்கச் சொல்லி உதட்டில் விரலை வைத்தார்.

நிவி மைக்கை விட்டுவிட்டுத் தாத்தாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "தெரியலன்னா போவட்டும். நான் சொல்றேன் கேளு," என்றாள், தன்னிடம் நிறைய இருக்கிறது என்கிற தாராளத்தோடு. மைக் தலைக்குமேல் இருந்தது, அவர்கள் பேசியதெல்லாம் எங்களுக்குக் கேட்டது.

"கிளாஸ்ல டீச்சரு எல்லாரையும் அவங்கவங்க அப்பாவ வரைங்கன்னு சொன்னாங்களாம். எலி இன்னா வரைஞ்சிச்சு தெரியுமா? கருப்பா ஒரு டிரங்குப் பெட்டி வரைஞ்சிச்சாம்! பெட்டிக்கு மீச வெச்சிச்சாம்!"

கூட்டம் சிரித்தது. எங்கள் ஊரில் பாதிப் பேர், வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து திரும்பிப் போகிற அந்தப் பட்டாளத்துப் பெட்டியைத்தான் அப்பா என்று பார்த்து வளர்ந்தவர்கள், அதனால் சத்தமாகவே சிரித்தோம், சிரித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. கன்னியப்பன் சிரிக்கவில்லை. முதல்முறையாகக் கதை கேட்கிற பிள்ளை மாதிரி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் டீச்சரு, அப்பாவப் போயி பெட்டின்றியான்னு திட்டிட்டு, ஸ்கேலால அடிச்சாங்களாம்."

"எங்க அடிச்சாங்க?"

"கையில."

"ரொம்ப வலிச்சுதாமா அவனுக்கு?"

நிவி யோசித்தாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. மேடையில் ஜமுனாவைத் தேடிப் பார்த்தாள், லில்லி டீச்சரைத் தேடிப் பார்த்தாள், பிறகு தாத்தாவிடமே திரும்பினாள்.

"அது தெரியல தாத்தா. அத எலியத்தான் கேக்கணும்."

சுபேதார் கன்னியப்பன் தன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, ஊர் பார்க்க, குழாய்கள் எல்லாவற்றிலும் கேட்க, அழுதார்.